பட்டறைக்குப் போகும் தம்பிகளுக்கு



டோசர், எக்ஸ்கவேட்டர் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறவர்கள், "முதல்ல என்ன டூல்ஸ் சார் வாங்கணும்?" என்று கேட்கிறீர்கள்.

ரிங் ஸ்பேனர் செட் இரண்டு வாங்குங்கள். ஒன்று மில்லிமீட்டர், மற்றது அங்குலம். கொமாட்சு இயந்திரங்களில் மில்லிமீட்டர் போல்ட். பழைய கேட்டர்பில்லரில் அங்குலம். முக்கால் அங்குலம் 19.05 மில்லிமீட்டர், 19 ஸ்பேனர் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆனால் அரை அங்குலம் 12.7 தான். அதில் 13-ஐப் போட்டு இழுத்தால் போல்ட் தலை மழுங்கும், ஸ்பேனர் வழுக்கும், விரல் முட்டி போய் இரும்பில் இடிக்கும். போல்ட்டை மாத்திக்கலாம், முட்டியை மாத்த முடியாதுங்க!

அடுத்து சாக்கெட் செட், 2 பவுண்டு சுத்தியல், ஒரு பித்தளைக் கம்பி. பேரிங்கைச் சுத்தியலால் நேரடியாக அடிக்காதீர்கள். இரண்டும் கடினமான எஃகு. சில்லு தெறித்தால் கண் போய்விடும். நடுவில் பித்தளையை வையுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

டார்க் ரெஞ்ச் விலை அதிகம், பட்டறையிலேயே இருக்கும். அதால் இறுகிய போல்ட்டைக் கழற்றுகிற சீனியர் அண்ணன்களும் இருப்பார்கள். "வேண்டாம்ணே" என்று சொல்ல உங்களுக்குத் துணிச்சல் வராது. நீங்களாவது செய்யாதீர்கள், அதன் அளவு கெட்டுப்போகும்.

என் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். டீ இடைவேளையில் வந்து தூக்கிப் பாருங்கள்.