மருத்துவர் சொல்லும் நோயாளர் சொல்லும்



திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளைக் கூறி நிறைவுறுகிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் அவ்வரிசையில் நோயுற்றவரே முதலில் நிற்கிறார். இன்றைய மருத்துவமனையிலோ வாய் திறவாது அமர்ந்திருப்பவரும் அவரே.

மணவூரும் திருத்தணியும் எல்லைப்புறத்து ஊர்கள். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட முதியவர், தமிழ் பேசும் மருத்துவரிடம் வருகிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் சீட்டெழுதுகிறார். மூன்று மொழிகளுக்கிடையே நோயின் பெயர் தொலைந்துவிடுகிறது. 'சரிங்க ஐயா' என்று தலையசைத்து எழுந்தவர், எந்த மாத்திரை எதற்கு என்பதை மருந்துக்கடையில்தான் கேட்டறிகிறார்.

இக்குறையை நெடுநாளுக்கு முன்னரே உணர்ந்தவர் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மருத்துவப் பணி செய்தார், தமிழ் கற்றார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். அவ்வாறு பயின்றோர் அரசுப் பணியை நாடிச் சென்றனர். சிற்றூர்கள் மருத்துவரின்றியே கிடந்தன. எனவே 1864 முதல் தமிழிலேயே பயிற்றுவிக்கலானார். அதற்குத் தமிழில் நூல்கள் வேண்டுமே! 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' எனப் பெரும் நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. கலைச்சொற்கள் சில இன்று கரடுமுரடாகத் தோன்றலாம். ஆயினும் எலும்பு முதல் நரம்பு வரை நோயாளருக்கு அவர்தம் மொழியிலேயே விளக்கவல்ல மருத்துவர்கள் அவற்றால் உருவாயினர். தம் கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்று பொறிக்க வேண்டுமென்று விரும்பிய அப்பெருமகனார் 1884-இல் மறைந்தார்.

விளக்கிச் சொல்லுதல் மருத்துவரின் பெருந்தன்மை மட்டுமன்று, சட்டக் கடமையுமாகும். டெல்லியில் ஒரு பெண்மணி, நோய் இன்னதென்று அறியும் சோதனைக்கு மட்டுமே இசைந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையை அகற்றிவிட்டனர். சோதனைக்குத் தந்த இசைவு அறுவைக்குத் தந்த இசைவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2019-இல் மருத்துவப் பட்டப் படிப்பிலேயே நோயாளரிடம் உரையாடும் பயிற்சி சேர்க்கப்பட்டது. காலந்தாழ்ந்தேனும் வந்ததே!

ஆயினும் பேச்சு ஒருபக்கத்தது அன்று. கதிர் மறைந்தபின் உண்ணாத நயினார் குடும்பத்துப் பெரியவருக்கு, 'இரவு உணவுக்குப் பின்' என்று சர்க்கரை நோய் மாத்திரை எழுதப்படுகிறது. இவர் தம் வழக்கத்தைச் சொல்வதில்லை, மருத்துவர் கேட்பதுமில்லை. மாலையில் உண்டவர் மாத்திரையை மட்டும் இரவு ஒன்பது மணிக்கு விழுங்குகிறார். பருவ நோன்பில் வெந்நீர் மட்டும் பருகும் நாளிலும் சிலர் அதே அளவை விடாது உட்கொள்வதுண்டு. மாத்திரை சிலவற்றுக்கு, உணவின்றேல் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். வியர்வையும் நடுக்கமும் தோன்றி, மயக்கத்தில் கொண்டுவிடும். வீட்டாரோ அதனை நோன்பின் களைப்பென்று எண்ணிப் படுக்க வைத்துவிடக்கூடும்.

இன்னொன்று, மருந்துக்குமிழ்கள் பலவற்றின் உறை விலங்கின் எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டினால் ஆனது. அதனை அறிந்த சிலர், மருத்துவரிடம் ஒன்றும் கூறாது மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். அடுத்த முறை செல்கையில் நோய் தணியவில்லை என்று கண்ட மருத்துவர், அளவைக் கூட்டி எழுதுகிறார். 'இக்குமிழ் வேண்டா, இதே மருந்து மாத்திரையாகவோ நீர்மமாகவோ உண்டா?' என்று கேட்டிருந்தால், பல மருந்துகளுக்கு அவ்வழி உண்டு.