கண்ணாடித் தொட்டியில் ஒரு சுனை



கொல்லிமலையின் வளப்பூர் நாட்டுக்கு வருவோர் பெரும்பாலும் இரண்டைக் கண்டு திரும்புவர். ஒன்று அறப்பளீசுவரர் கோயில். மற்றொன்று ஆகாய கங்கை அருவி. அந்த அருவியாய் வீழும் ஐயாறு கோயிலை ஒட்டியே ஓடுகிறது. அதன் கரையில் சற்றே நிற்பவர் சிலர்தாம். நின்றால் மீன்களைக் காணலாம். அடியார் இடும் இரைக்கு அவை அஞ்சாமல் கூடி வருகின்றன. அறுபட்ட மீன் மீண்டும் பொருந்தி ஆற்றில் ஓடியது என்பது அத்தலத்து வரலாறு. அதனால் அங்கே மீன் பிடிப்பதில்லை என்பது மரபு.

இத்தனை மீன்கள் வாழும் நீர் ஏன் நாறுவதில்லை? வடிகட்டும் இயந்திரமோ காற்றுக் குழாயோ அங்கே இல்லை. ஓடுகின்ற நீர் என்று நீங்கள் விடை கூறுவீர்கள். பாதி விடை அது. ஓடாத குளத்திலும் மீன் வாழ்கிறதன்றோ? மீதிப் பாதியை வீட்டிலேயே, ஒரு கண்ணாடித் தொட்டியில், கண்ணால் காணலாம்.

மீன் கழிப்பது அம்மோனியா. அது மீனுக்கே நஞ்சு. நீரிலும் மணலிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறு சில நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. இது பெருந்தீங்கு செய்யாது. நீர்ச்செடிகளோ அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக உண்டு, பகலில் பிராணவாயுவை விடுகின்றன. ஆக, மீனின் கழிவு செடிக்கு உணவு. செடியின் கழிவு மீனுக்கு மூச்சு.

இதனை வீட்டுக்குள் நிறுவிக் காட்டியவர்களுள் ஒருவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில வேதியியலார். ஏறத்தாழ 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலும் சேறும் பரப்பி, வாலிஸ்நேரியா என்னும் நாடாப் புல்லை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். சில நாளில் அழுகிய இலைகளால் நீர் கலங்கியது. அவர் நீரைக் கொட்டவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நத்தையின் முட்டைகளை மீன்கள் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் அவர் இதை லண்டன் வேதியியல் கழகத்தின் முன் வைத்தார். நம் சென்னையிலும் 1909இல் கடற்கரையில் மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்று, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டது. அது கடல்மீனின் கதை. நமக்கு வேண்டுவது நன்னீர்.

60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். வாரிங்டனின் 12 காலனும் அவ்வளவே. நீரின் எடை மட்டும் 54 கிலோ. ஆதலின் ஆடும் மேசையை நம்ப வேண்டா. நிரப்பிய தொட்டியை நகர்த்தவும் வேண்டா.

அடியில் இடுவது சாதாரணத் தோட்டத்து மண். ஆனால் காப்பித் தோட்டத்திலிருந்தும் மிளகுக் கொடியின் அடியிலிருந்தும் அள்ளலாகாது. உரமும் பூச்சிமருந்தும் அதில் கலந்திருக்கும். எருவிடாத மேட்டு மண்ணை எடுத்து, வேரும் கல்லும் நீங்கச் சலித்து, சில நாள் நீரில் ஊறவைத்து, மேலே மிதப்பதை வடித்துவிடுக. இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு இம்மண்; அதன்மேல் நன்கு கழுவிய பருமணல் மூன்று சென்டிமீட்டர். மணல் மூடாவிடில் தொட்டி சேற்றுக் குட்டையாகும். மூடி கனத்துவிட்டால் அடிமண் காற்றின்றி அழுகும். இந்த அளவில் நான் பிடிவாதக்காரன். மண்ணடித் தொட்டியின் இயல்பை டயானா வால்ஸ்டட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1999இல் ஒரு நூலாகவே எழுதினார். விலையுயர்ந்த கருவிகள் இன்றியே செடி செழிக்கும் என்பது அவர் கட்சி.

மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மீது மெல்ல நீர் ஊற்றுக. குளோரின் கலந்த குழாய் நீராயின் ஒருநாள் திறந்து வைத்திருந்து ஊற்றுவது நலம். முதல்நாளே செடியை நிறைய நடவேண்டும். ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் நம் நாட்டுக் குளங்களிலேயே வளர்வன. நேர் வெயில் வேண்டா, பாசி படரும். மூடுபனி நாள்களில் ஒரு சிறு விளக்கு, நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் போதும்.

இனிப் பொறுமை. நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீன் விடுவோர் பலர். அவர்கள் தொட்டியில் மீன் செத்து மிதப்பதும் வழக்கம். மீனில்லாத அந்நாள்களில் கொசு முட்டையிடும். ஆகவே வாயை மெல்லிய துணியால் கட்டுக.

மலையில் ஒரு சிறப்பு உண்டு. குளிர்ந்த நீர் பிராணவாயுவை மிகுதியாகக் கொள்ளும். கடல்மட்டத்தில், லிட்டருக்கு, 30 பாகை வெப்பத்தில் ஏழரை மில்லிகிராம். 20 பாகையில் ஒன்பது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்த ஆதாயத்தில் பெரும்பகுதி போய்விடும். எனினும் சிறிது மிஞ்சும். இரவில் செடியும் மூச்சுவிடுகிறது. ஆதலால் விடியற்காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய் திறந்து நின்றால், தொட்டியில் மீன் மிகுதி என்பது பொருள்.

எத்தனை மீன்? இத்தொட்டிக்குச் சிறுமீன் எட்டு அல்லது பத்து. குளிரைத் தாங்கும் ஜீப்ரா டேனியோ மலைக்கு ஏற்றது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்பெறும் இம்மீனின் மரபணுத் தொகுதி 2013இல் வெளியாயிற்று. அயிரை மணலைக் கிளறி அடிமண்ணைக் கலக்கிவிடும்; இங்கு வேண்டா. நத்தையின் ஓடு மெலிந்து காணின் ஒரு கிளிஞ்சல் போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே இரை.

இனி, சற்றுக் கண்டிப்பாகவே ஒன்று. ஐயாற்று மீனைப் பிடித்துத் தொட்டியில் விடலாகாது. அதனினும் பெரிய தீங்கு, தொட்டி மீனை ஐயாற்றில் விடுவது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கிய தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, வளர்ந்து பெருத்தவுடன் இரக்கத்தால் ஏரியில் விடப்பட்டு, இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகிக் கிடக்கிறது. வலையில் சிக்கினால் வலையைக் கிழிக்கும், வாங்குவாரும் இல்லை. நம் ஜீப்ரா டேனியோவும் வடநாட்டு நீர்களின் மீன்தான். இந்த மலைக்கு அயல். கப்பி மீனோ சில மாதங்களில் பத்தை நூறாக்கும். குஞ்சு மிகுந்தால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்துள்ள நண்பருக்குத் தாருங்கள். வாரந்தோறும் நறுக்கும் செடித் துண்டுகளை ஓடையில் எறியாமல், வெயிலில் நன்றாக உலர்த்தி எருக்குழியில் இடுங்கள். மாற்றும் நீரைத் தோட்டத்து வாழைக்கு ஊற்றலாம். அதில் நைட்ரேட்டு இருக்கிறது.