இரட்டையர் காட்டிய உலகம்



பிற நாட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்குச் சொல்லும் கதை நூல்கள் ஆங்கிலத்தில் நெடுங்காலமாகவே வெளிவந்திருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஒரு வரிசையைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். அமெரிக்கரான லூசி ஃபிட்ச் பேர்க்கின்ஸ் எழுதிய 'இரட்டையர்' கதைகளே அவை.

1865இல் பிறந்து 1937இல் மறைந்த இவர் ஓர் ஓவியர். தமது கதைகளுக்குத் தாமே படம் வரைந்தார். 1911இல் 'ஒல்லாந்து இரட்டையர்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு 'யப்பானிய இரட்டையர்'. இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் வளர்ந்தன.

இவ்வரிசை தோன்றிய விதம் கவனிக்கத்தக்கது. பல தேசத்தவர் அமெரிக்காவில் வந்திறங்கிய எல்லிஸ் தீவை பேர்க்கின்ஸ் போய்ப் பார்த்தார். சிக்காகோவில் இருபத்தேழு தேசத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்த பாடசாலை ஒன்றையும் பார்த்தார். மக்கள் சமாதானமாக வாழவேண்டுமானால் ஒருவரையொருவர் மதிக்கவேண்டும். பெரிய விடயத்தையும் மனதைத் தொடும்படி சொன்னால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள். இந்த இரு நம்பிக்கைகளுமே அவரை எழுத வைத்தன.

ஒல்லாந்தர் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோட்டைகளும் சட்டக் கோவைகளுமே. பேர்க்கின்ஸ் காட்டும் ஒல்லாந்திலோ கிற், கற் என்ற இரு குழப்படிகாரர் இருக்கிறார்கள். கிறிஸ்ரோபர், கற்றீனா என்பன அவர்களது முழுப் பெயர்கள். ஆனால் நாலரை அடி உயரம் வளரும்வரை அப்பெயர்களால் அவர்களை அழைப்பதில்லை என்பது தாயின் தீர்ப்பு! தாத்தாவுடன் மீன்பிடிக்கப் போகிறார்கள்; தகப்பனுடன் சந்தைக்குப் போகிறார்கள்; உறைந்த நீரில் சறுக்கி விளையாடுகிறார்கள். எப்போது பெரியவராவோம் என்று ஏங்காத பிள்ளை எந்த நாட்டில்தான் இல்லை? படிக்கும் பிள்ளை தன்னையே அங்கு காண்கிறது.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. 'யப்பானிய இரட்டையர்' நூலில் பொம்மைத் திருநாள், கொடித் திருநாள் என்று அழகான காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு தேசமே தபால் அட்டைப் படமாகிவிடுகிறதோ என்று நமக்குத் தோன்றுகிறது. 1914இல் வந்த 'எஸ்கிமோ இரட்டையர்' என்ற நூலின் தலைப்பிலுள்ள பெயரை அம்மக்களுட் பலர் இன்று விரும்புவதில்லை. கனடாவில் வாழ்வோர் தம்மை இனுயிற் என்றே அழைக்கிறார்கள். இந்நூல்கள் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை. கதையில் வரும் பிள்ளையும் ஒருநாள் இதைப் படிக்கக்கூடும் என்ற எண்ணம் அவற்றில் குறைவு.

ஆயினும் பேர்க்கின்ஸ் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1915இல் வந்த 'மெக்சிக்கோ இரட்டையர்' நூலில், பெருநிலக்காரரின் கீழ் உழைக்கும் தகப்பன் புரட்சியாளருடன் சேர்கிறான். 1917இல் வந்த 'பெல்ஜிய இரட்டையர்' இன்னும் ஆழமானது.

1914இல் ஜேர்மனியப் படை பெல்ஜியத்தினுள் புகுகிறது. ஜானும் மரியும் அறுவடை வயலில் நின்ற பிள்ளைகள். தகப்பன் போருக்குப் போகிறான்; தாயையும் பிரிய நேர்கிறது. விலாங்கு மீனால் பிழைக்கும் ஒரு கிழவி அவர்களுக்கு இடம் கொடுக்கிறாள். அன்ற்வேர்ப், ஒல்லாந்து, இங்கிலாந்து என்று அகதிகளாக அலைந்து, கடைசியில் அமெரிக்காவை அடைகிறார்கள். உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்ட கதை இது. இங்கே வேடிக்கை பார்ப்பதற்குத் திருநாளும் இல்லை, விதவிதமான உடையும் இல்லை. பசியும் பயமும் தாயைத் தேடும் கண்களுமே உண்டு. இடம்பெயர்ந்து நடந்தவர்களுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிற நாட்டுப் பிள்ளை என்ன உடுக்கிறது, என்ன உண்கிறது என்று அறிவது சுவையானது. அது எதற்கு அஞ்சுகிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று அறியும்போதுதான் உறவு உண்டாகிறது. பேர்க்கின்ஸ் விரும்பிய மதிப்பும் அதிலிருந்தே பிறக்கும்.

பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்ட இந்நூல்களை இன்று தேடிப் பெறுவது எளிது. குறைகளுக்காக இவற்றை ஒதுக்கவேண்டாம். பிள்ளைகளுடன் கூட இருந்து படியுங்கள். குழப்படிகளைக் கண்டு சேர்ந்து சிரியுங்கள். இடையில் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "எங்களைப் பற்றி வேறு நாட்டவர் இப்படி எழுதினால் உனக்குச் சம்மதமா?"

அந்தக் கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதில் இந்நூல்களுக்குச் சிறந்த விமர்சனமாக அமையும்.