பேய்க்குக் கொடுக்கும் காதைப் பெண்ணுக்குக் கொடுங்கள்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் "பேயும் மனநோயும்" என்பதாகும். பேய் என்பதாக ஒன்று இல்லை என்று மறுபடியும் ருஜுப்படுத்த நான் இங்கு வரவில்லை. அது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. பேய் இல்லை என்று சொல்லிவிட்டதோடு நம் வேலை தீர்ந்துவிட்டதா என்று கேட்கவே வந்திருக்கிறேன். பேய் இல்லை, சரி. ஆனால் பேய் பிடித்தவள் என்று சொல்லப்படும் பெண் இருக்கிறாளே! அவள் தூங்குவதில்லை. நடு இரவில் அலறிக்கொண்டு எழுகிறாள். சோறு இறங்குவதில்லை. கூப்பிட்டால் மரம்போல் நிற்கிறாள். அவளுக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கோடாங்கி என்ன செய்கிறான் என்று பாருங்கள். உடுக்கை அடிக்கிறான், வேப்பிலையால் அடிக்கிறான், கடைசியில் உச்சிமயிரைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைகிறான். எல்லாம் காட்டுமிராண்டித்தனம். ஆனால் நடுவே ஒரு காரியம் செய்கிறான். "நீ யார்? எங்கே பயந்தாய்? உனக்கு என்ன குறை? என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். ஊரே வாயை மூடிக்கொண்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கிறது. கலியாணம் ஆகி வந்த நாள் முதலாக அந்தக் கேள்வியை அந்தப் பெண்ணிடம் வேறு யாராவது கேட்டதுண்டா? மருமகளாகப் பேசினால் "வாயை மூடு" என்கிற மாமியார், பேயாகப் பேசினால் கைகட்டி நிற்கிறாள். பெண்ணாகக் கேட்டால் கிடைக்காத சேலை, பேயாகக் கேட்டால் மறுநாளே வந்துவிடுகிறது. கோடாங்கியைத் தேடி ஜனங்கள் ஓடுவதற்குக் காரணம் மூடத்தனம் மாத்திரமல்ல. கேட்கிற காது அங்கேதான் கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் கோளாறு என்று ஆண்கள் மீசையை முறுக்க வேண்டாம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில், குண்டு மழையின் நடுவே இருந்த சிப்பாய்களில் ஆயிரக்கணக்கான பேருக்கு இதே மாதிரி கண்டது. காயம் இல்லை, ஆனால் கை நடுங்குகிறது, வாய் பேசவில்லை, கண் தெரியவில்லை. 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் "ஷெல் ஷாக்" என்ற பெயரால் இதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் ஓடிப் போனதாகவும் கோழைகள் என்றும் இன்னும் இதுபோன்ற குற்றங்களைச் சொல்லியும் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் இந்த நடுக்கம் கொண்டவர்களும் இருந்தார்கள். 2006இல்தான் அவர்களுக்குச் சட்டப்படி மன்னிப்பு வந்தது. ஊமையாகிப்போன சிப்பாயின் தொண்டையில் மின்சாரத்தைப் பாய்ச்சிப் பேச வைத்த டாக்டர்களும் லண்டனில் இருந்தார்கள். வேப்பிலைக்கும் மின்சாரக் கம்பிக்கும் என்ன பேதம் என்று கேட்கிறேன்.

அதே காலத்தில் ரிவர்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் 1901, 1902இல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களைப் பற்றி ஆராய்ந்து, 1906இல் புத்தகம் வெளியிட்டவர். யுத்த காலத்தில் ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் என்ற ஆஸ்பத்திரியில் ராணுவ அதிகாரிகளுக்கு வைத்தியம் செய்தார். தன் நண்பனின் உடல் துண்டு துண்டாகக் கிடந்ததைக் கண்ட ஓர் அதிகாரி, இரவெல்லாம் அந்தக் கனவால் துடித்தார். மற்றவர்கள் "மறந்துவிடு" என்றே சொல்லி வந்தார்கள். ரிவர்ஸ் அந்தக் காட்சியைப் பற்றி அவரைப் பேசச் சொன்னார். "உடல் அவ்வளவு சிதறியிருந்தால், உன் நண்பன் ஒரு கணமும் வேதனைப்படாமல் செத்திருக்க வேண்டுமே" என்று எடுத்துக் காட்டினார். பிறகும் கனவு வந்தது. ஆனால் திகில் போய்த் துக்கம் மட்டும் நின்றது. துக்கம் மனிதன் தாங்கக் கூடியது.

தோழர்களே! இந்தக் காயத்தை ஈழத்துத் தமிழர்கள் "மனவடு" என்கிறார்கள். நல்ல பெயர். சாதாரண ஞாபகம் "அது அன்று நடந்தது" என்று சொல்லும். மனவடு பட்ட ஞாபகமோ "இப்பொழுது நடக்கிறது" என்று சொல்லும். ஒரு சத்தம், ஒரு வாசனை போதும். நெஞ்சு படபடக்கிறது, உடம்பு வேர்க்கிறது. ஆகவே அவன் அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் விட்டு விலகுகிறான். விலக விலகப் பயம் வளர்கிறது. ஒரே நாளில் வந்த ஆபத்தால் மாத்திரம் இது வருவதில்லை. தப்பிக்க வழியில்லாத வீட்டில் வருஷக்கணக்காக அடிபட்டு, ஆறுதலாக ஒரு வார்த்தையும் கேளாமல் வளர்ந்த குழந்தைக்கும் வருகிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதைத் தனி நோயாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வைத்தியம் என்னவென்றால், மாயம் ஒன்றும் இல்லை. முதலில் அடிக்கிற கை நிற்க வேண்டும். பத்திரமான இடம் வேண்டும். பிறகு பயிற்சி பெற்ற ஒருவரிடம், நடந்ததை ஆதி முதல் அந்தம் வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது பயம் ஏறும்; நிறுத்தாமல் கூடவே இருந்தால் இறங்கும். அடுத்தபடியாக, "என்னால்தான் நடந்தது" என்ற எண்ணத்தைச் சாட்சியம் வைத்து விசாரிக்க வேண்டும். சுனாமியில் குழந்தையின் கையை நழுவவிட்ட தாய், தானே கொன்றதாக நினைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் "உன் கர்மம்" என்கிறார்கள். அந்த அலையின் வேகம் என்ன, உன் கையின் பலம் என்ன என்று கேட்பதுதான் வைத்தியம். இதற்குப் பகுத்தறிவு என்பதைத் தவிர வேறு என்ன பெயர்? பெரும்பாலும் 8 முதல் 12 தடவை உட்கார்ந்தால் போதும் என்கிறார்கள். நெடுங்காலம் பட்டவர்களுக்கு அதிகம் வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் வடகிழக்கில் 31 குழந்தைகளுக்கு 6 தடவை வைத்தியம் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியார் தங்கள் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொன்னார்கள். இந்த முறையில் ஒரு கயிற்றை விரித்து, நல்ல நாளுக்கு ஒரு பூவும் கெட்ட நாளுக்கு ஒரு கல்லும் வைப்பது வழக்கம். கல்லின் பக்கத்தில் பூவும் இருந்தது என்று குழந்தை தன் கண்ணால் காணும். மற்றப் பகுதியாருக்குத் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்ததில், கதை சொன்னவர்களில் 100க்கு 81 பேரும், மற்றவர்களில் 71 பேரும் தேறியிருந்தார்கள். தியானம் என்றவுடன் முகம் சுளிக்க வேண்டாம். சாமியார் சொன்னார் என்று நம்பவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். எண்ணிப் பார்ப்பது நம் கட்சி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லுகிறேன். ஆபத்து நடந்த மறுநாளே போய் "சொல், சொல்" என்று ஒருவரைக் கட்டாயப்படுத்துவது நன்மை செய்வதில்லை என்று கண்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் சுற்றத்தாரின் அன்பாலேயே தேறிவிடுகிறார்கள். ஆதரவு இல்லாமல் போவதே இந்த நோய் வேரூன்றுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. பழைய காயத்தைக் கிளறுவது பயிற்சி உள்ளவர் வேலை. பழி சொல்லாமல் பக்கத்தில் உட்காருவது நம் எல்லோருடைய வேலை.

காது கொடுக்காத ஊர் சங்கிலி கொடுக்கும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், நேர்த்தியால் தேறும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவது குற்றம். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து பேசலாம்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ தூங்காமல் நடுங்கினால் கோடாங்கியைக் கூப்பிடாதீர்கள். அத்தோடு, "பேயாவது பிசாசாவது, எழுந்து வேலையைப் பார்" என்று அதட்டிவிட்டுப் பகுத்தறிவாளன் என்று மார் தட்டிக் கொள்ளவும் வேண்டாம். அடிப்பவன் நீங்களாயிருந்தால் முதலில் கையை நிறுத்துங்கள். கோடாங்கி கேட்ட கேள்வியை, உடுக்கை இல்லாமல், கூட்டம் இல்லாமல், "உனக்கு என்ன குறை, அம்மா?" என்று நீங்களே கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதைச் செய்கிற வீட்டில் பேய்க்கு வேலை இராது.