இரவுக் கடலுக்கு அடுப்பும் விளக்கும்

(திருவாடானை வட்டாரக் கடற்கரை ஊர்களின் மீனவரும் உழவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பெரிய திட்டம் எதைப் பற்றியும் பேச நான் வரவில்லை. ஓர் அடுப்பு, ஒரு விளக்கு, இவ்விரண்டைப் பற்றியே பேச வந்தேன். மாலையில் தொண்டியிலிருந்தோ நம்புதாளையிலிருந்தோ வலையேற்றிப் புறப்படும் படகு மறுநாள் காலையில்தான் கரை சேருகிறது. இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரமும் அப்படகே வீடு, அதுவே தொழிற்களம். வீட்டிற்கு ஓர் அடுப்பு வாங்குவதென்றால் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். படகிற்கோ, வீட்டில் கழித்துப் போட்டதையே எடுத்துச் செல்கிறோம். இது முறையா என்பதை நீங்களே சிந்திக்க வேண்டும்.

இளமையில் நான் ஓரிரவு வத்தை ஒன்றில் கடலுக்குச் சென்றிருந்தேன். இருந்தது ஒரே அரிக்கன் விளக்கு. நடுநிசியில் வாடை கிளம்பிற்று. அலைத்துளி சூடான கண்ணாடியில் பட்டதும் அது வெடித்துச் சிதறியது. தீப்பெட்டியும் நனைந்து போயிற்று. அவ்வேளையில் விசைப்படகொன்றின் ஓசை எங்களை நோக்கி நெருங்கி வந்தது. கூவினோம், அந்த இன்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? உடனிருந்த பெரியவர் சோற்றுத் தட்டை எடுத்து ஓயாமல் தட்டினார். அப்படகு பத்துப் பன்னிரண்டு பாகத் தூரத்தில் எங்களைக் கடந்து சென்றது. எங்களை அவர்கள் பார்த்தார்களா, தற்செயலாய் விலகினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று முதல், படகில் விளக்கு என்பது நாம் பார்ப்பதற்கு மட்டுமன்று, பிறர் நம்மைப் பார்ப்பதற்கும் ஆகும் என்பதை நான் மறந்ததில்லை.

நம் கடலின் இயல்பு

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கு உட்பட்டது. ஆழமற்ற நீரில் காற்று பலத்தால் அலை குட்டையாகவும் அடுக்கடுக்காகவும் எழும். படகு நீண்டு அசையாமல் வெட்டி வெட்டிக் குலுங்கும். ஆதலால் இங்கே பயன்படும் சாதனம் எதுவாயினும் காற்று, உப்புநீர், குலுக்கல் ஆகிய மூன்று சோதனைகளில் தேற வேண்டும். கடையில் மேசைமீது எரிந்து காட்டுவது சோதனையாகாது.

அடுப்பு வேண்டுமா?

முதற்கேள்வி, எந்த அடுப்பு என்பதன்று. அடுப்பு வேண்டுமா என்பதே. ஒரே இரவில் திரும்பும் சிறு வத்தைக்கும் ஃபைபர் படகிற்கும் அடுப்பு வேண்டியதில்லை என்பது என் கருத்து. புளிச்சோறும் நீராகாரமும் நம் முன்னோர் கண்ட கடல் உணவுகள். சூடு காக்கும் குடுவையில் தேநீரையும், சூடு காக்கும் பாத்திரத்தில் சோற்றையும் குழம்பையும் எடுத்துச் செல்லலாம். பெட்ரோல் கலனுக்கும் நைலான் வலைக்கும் நடுவே தீ மூட்டுவதை இதனால் அறவே தவிர்க்கலாம்.

ஓரிரவுக்கு மேற்பட்ட தங்குகடலுக்குச் செல்லும் படகுகளுக்கு அடுப்பு தேவைதான். மணல் நிரப்பிய தகரத்தில் விறகு மூட்டுவது பழைய வழக்கம். பறக்கும் பொறி வலையில் விழும் என்பதே அதிலுள்ள குறை. பம்பு ஸ்டவ் காற்றுக்குத் தாங்கும். ஆயினும் துளை அடைத்தால் சீறிப் பற்றும். அதில் ஊற்றும் மண்ணெண்ணெயில் பெட்ரோல் ஒரு துளியும் கலத்தலாகாது. ஒரே நிறக் கலன்களில் இரண்டையும் வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்க.

இக்காலத்தில் பலரும் நாடுவது எரிவாயு. 5 கிலோ சிறு சிலிண்டர்கள் இப்பொழுது எளிதிற் கிடைக்கின்றன. நான்கு பேருக்கு இரு வேளைச் சோறு, குழம்பு, தேநீர் ஆக்க 250 கிராம் வாயு என்று தாராளமாகவே கொண்டாலும், ஒரு சிலிண்டர் 20 நாட்களுக்கு வரும். அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகரத்தால் காற்றுத்தடுப்பு அமைத்தால் செலவு இன்னும் குறையும்.

ஆனால் ஒன்றை எல்லோரும் அறிய வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் கீழ்நோக்கியே செல்லும். வீட்டில் கசிந்தால் வாயிற்படி வழியே வெளியேறக்கூடும். படகோ ஒரு தொட்டி; அதற்கு வாயிற்படி இல்லை. கசிந்த வாயு அடிப்பள்ளத்தில் நீர்போலத் தேங்கி நிற்கும். மேலே நிற்பவர்க்கு வாடை தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் இன்ஜினைக் கிளப்புகையில் எழும் ஒரு பொறி போதும்.

ஆகவே சிலிண்டரை அறைக்குள்ளோ தட்டுக்கு அடியிலோ வைக்காமல், திறந்த தளத்தில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். சமையல் முடிந்ததும் முதலில் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். குழாயில் எஞ்சிய வாயு எரிந்தடங்கிய பின் அடுப்பை மூடுங்கள். கசிவைச் சோப்பு நுரையால் சோதியுங்கள், தீக்குச்சியால் அன்று. கரை திரும்பியதும் ரெகுலேட்டரையும் அடுப்பையும் நன்னீரால் துடையுங்கள். உப்பு அரித்த இணைப்பே கசியத் தொடங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற குழாயையே வாங்குங்கள்.

பாத்திரம் உயர்ந்த விளிம்புடையதாய், இறுக மூடுவதாய் இருக்கட்டும். அடுப்பின்மேல் அதைப் பிடித்து நிறுத்த நான்கு இரும்புக் கொக்கிகளை உள்ளூர்க் கொல்லரே அடித்துத் தருவார். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஓர் ஈரச் சாக்கும் எப்பொழுதும் இருத்தல் வேண்டும். எண்ணெய் பற்றினால் நீர் ஊற்றலாகாது. சாக்கால் மூட வேண்டும். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்குவது மிகவும் கொடிது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் விழிப்பதில்லை.

விளக்கு

விளக்கைப் பொறுத்தவரை, சுடர் விளக்கின் காலம் முடிந்தது என்றே சொல்வேன். அரிக்கனும் பெட்ரோமாக்ஸும் நமக்கு நெடுங்காலம் துணை நின்றன. இன்று எல்.இ.டி. விளக்கு அவற்றை வென்றுவிட்டது. அதன் வெண்ணிற ஒளிக்கு வழி திறந்த நீல ஒளி டயோடைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணாடி உடையும் அச்சமில்லை, காற்றில் அணையாது, எரிபொருளுக்கு அருகிலும் சுடர் இல்லை.

வாங்குகையில் கணக்குப் போட்டு வாங்குங்கள். 5 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிய 60 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் 84 வாட்-மணி உண்டு. போதுமென்று தோன்றும், ஆனால் ஈய அமிலப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே 12 ஆம்பியர்-மணி பாட்டரியே தக்கது. 20 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் ஒரு பகலில் ஏறத்தாழ 75 வாட்-மணி தரும். அதுவே மறுநாள் இரவுக்குப் போதும். பாட்டரியை மூடிய பெட்டியில் உயரத்தில் வையுங்கள். அமிலத்தோடு கடல்நீர் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும்.

கை விளக்கில் ஐ.பி. 67 என்ற குறியைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். குறியை மட்டும் நம்பாமல் வீட்டில் ஒரு வாளி நீரில் மூழ்கவைத்துப் பாருங்கள். ஈரக் கையால் பொத்தானை அழுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். வலை வாங்குவோர்க்கு நெற்றியில் கட்டும் விளக்கு நல்லது; இரு கையும் வேலைக்கு உதவும். பிற விளக்குகளைக் கீழ்நோக்கி மறைத்துக் கட்டுங்கள். ஒளி கண்ணிற் பட்டால் இருட்டுக்குக் கண் மீண்டும் பழக அரை மணி நேரம்வரை ஆகும்.

வேலை விளக்கு வேறு, அடையாள விளக்கு வேறு. 1972இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டுக் கடல் விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைந்து மெதுவாக ஓடும் எந்திரப் படகு எல்லாத் திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கையேனும் காட்ட வேண்டும். வலை விரித்திருக்கையில் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும், இழுவலை இழுக்கையில் மேலே பச்சையும் கீழே வெள்ளையும் காட்டுதல் வேண்டும். பாயாலும் துடுப்பாலும் செல்லும் சிறு படகு கைவிளக்கையாவது ஆயத்தமாய் வைத்திருந்து, தக்க வேளையில் காட்ட வேண்டும்.

நிற்க. விளக்கொளியால் மீனை ஈர்த்துப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது. நான் சொல்லும் விளக்கு ஆளைக் காக்க. மீனைக் கவர அன்று.

ஊராட்சி செய்யத்தக்கது

இவையெல்லாம் தனி ஒருவர் சுமக்க வேண்டிய சுமையல்ல. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே பலர் சேர்ந்து வாங்கினால் விலை குறையும். பழுது பார்ப்பதும் எளிதாகும். மீன் இறங்குதளத்தில் பாட்டரிக்கு மின்னேற்ற ஓர் இடம் அமைக்கலாம். படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் ஒரு நாள் எல்லா அடுப்பையும் குழாயையும் சோப்பு நுரையால் சோதிக்கலாம். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், மீனவர்க்குப் பாதுகாப்புக் கருவிகள் வழங்கவும் வகை செய்தது. மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்து அறியுங்கள். கடலோரக் காவற்படையின் உதவி எண் 1554ஐ ஒவ்வொரு படகிலும் எழுதி வையுங்கள்.

உழவர் பெருமக்களுக்கும் ஒரு சொல். களத்தில் நெல்லுக்குக் காவலிருக்கையில் வைக்கோலுக்கு அருகே சுடர் விளக்கு வேண்டா. இரவில் மடை பார்க்கச் செல்கையில், வரப்பில் கிடக்கும் பாம்பைக் காட்டுவதும் நல்ல கைவிளக்கே. கடலுக்கு ஏற்ற விளக்கு வயலுக்கும் ஏற்றதே.

தாய்மார்களே, படகு புறப்படுகையில் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புவது நீங்கள். அதனோடு, “விளக்கு எரிகிறதா? சிலிண்டர் திறந்த இடத்தில் இருக்கிறதா?” என்று இரண்டு கேள்விகளையும் கேட்டனுப்புங்கள். அன்று தட்டைத் தட்டி உயிர் தப்பியவன் என்ற முறையில் உங்களை நான் கேட்டுக்கொள்வது இதுவே.