வீடே பள்ளிக்கூடம்

1854-ஆம் வருஷம் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்திலே போர்ட் ஹியூரன் என்னும் ஊருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தின் கடைக்குட்டியை, மூளை குழம்பிய பிள்ளை என்று உபாத்தியாயர் சொல்லிவிட, முன்பு தானே பாடசாலையில் போதித்திருந்த தாய் நான்ஸி அவனை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கத் தொடங்கினாள். அவன்தான் தாமஸ் ஆல்வா எடிசன்.

அவள் தானே உரக்க வாசித்துக் காட்டினாள். ஒன்பது வயதில் பௌதிக சாஸ்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தபோது, அதிலிருந்த பரிசோதனைகளை அவன் தன் கையாலேயே செய்து பார்த்தான். அவனுக்குப் படிப்பு விரல்களின் வழியாகவே புத்தியில் ஏறிற்று என்பது என் அபிப்பிராயம். கணிதம் மட்டும் பெரியவரான பின்பும் அவருக்கு வசப்படவில்லை. 1878-இல் பிரான்ஸிஸ் அப்டன் என்ற கணித நிபுணரைத் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்த்திக்கொண்டார்.

ஆகையால், வீட்டில் கற்பிக்கும் பெற்றோர்களே, எழுத்துக் கூட்டக் குழந்தை திணறும்போது கோபியாமல், தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். கூட்டலுக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். கால் மணி நேரம் போதும். முகம் வாடக் கண்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, நீங்களே ஒரு கதையை வாசியுங்கள், குழந்தை கேட்கட்டும்.