பந்தும் பள்ளியும்
(ராசிபுரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் இல்லங்கள் பலவற்றில் பங்குனி, சித்திரை மாதங்களில் ஓயாது பேசப்படும் பொருளேயாம். வாலிபாலிலோ, கபடியிலோ, ஓட்டத்திலோ திறமை காட்டும் ஒரு பிள்ளை, அத்திறமையைக் கொண்டே கல்லூரியில் இடம்பெற விரும்பினால், அப்பிள்ளையைச் சர்க்கார் பள்ளியிலேயே விட்டுவைப்பதா, தனியார் பள்ளிக்கு மாற்றுவதா என்பதே அது. இவ்வினாவுக்குத் தக்க விடை காணுமுன்னரே காட்டை ஈடு வைத்தோரும், கழுத்து நகையை விற்றோரும் உண்டு. ஆதலின், இதனை ஆசைக்கும் அச்சத்திற்கும் இடங்கொடாமல் ஆராய்தல் நம் கடமையாகும்.

ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் உறைவிடப் பள்ளிகளுக்குப் பேர்போனது. அரசுத் தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்படும்வரை, இவ்வட்டாரப் பள்ளிகளின் பெயர் ஆண்டுதோறும் பத்திரிகைகளில் அடிபட்டது. பெற்றோர் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தனர். இப்பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், அது மதிப்பெண்ணால் வந்த பெருமையேயன்றி மைதானத்தால் வந்ததன்று. தேர்வுக்குப் பெயர்பெற்ற பள்ளி ஆட்டத்திற்கும் சிறந்ததாகவே இருக்கும் என்று கொள்வது, நெல் விளையும் வயலில் நிலக்கடலையும் அவ்வாறே விளையும் என்று எண்ணுவதை ஒக்கும்.

விளையாட்டினால் கல்லூரி புகும் வாயில்கள் எவை என்பதை முதலில் அறிவோம். நம் மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. மருத்துவப் படிப்பில் அவ்விடங்கள் ஏழே ஆகும்; அவற்றிற்கும் நீட் தேர்வில் தகுதி பெற்றாக வேண்டும். நம் ஊர்த் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி போன்ற கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையில் விளையாட்டுக்கெனச் சிறப்புப் பிரிவு உண்டு. இவையன்றி, தனியார் கல்லூரிகள் பல, தம் அணிக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை ஆடவைத்துப் பார்த்துத் தேர்ந்து, கட்டணமின்றியோ குறைத்தோ சேர்த்துக்கொள்கின்றன.

இவ்வாயில்களில் கேட்கப்படுவது யாது? எந்தப் பள்ளி என்பதன்று; எந்த நிலை வரை ஆடினாய் என்பதே. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என்று பள்ளி விளையாட்டுப் போட்டிகள் படிப்படியாக உயர்கின்றன. சர்க்கார் பள்ளிப் பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளையும் அதே மைதானத்தில், அதே நடுவர் முன்னிலையில் மோதுகின்றனர். சான்றிதழுக்கு மதிப்பிடுவோர் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. எனவே, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்கு ஆண்டுகளில் பிள்ளை இடைவிடாது ஆடுகிறதா என்பதே தலையாய கேள்வியாகும்.

இனி இருதிறத்தாரின் நிறைகுறைகளைச் சீர்தூக்குவோம். நல்ல தனியார் பள்ளியில் விரிந்த மைதானம், தனிப் பயிற்சியாளர், விடுதி, போட்டிகளுக்குச் செல்ல வண்டி ஆகியன கிடைக்கக்கூடும். குழு ஆட்டங்களில் இதன் பயன் பெரிது. ஒருவன் எத்துணை வல்லவனாயினும் மற்ற ஐவரும் சோர்ந்த வாலிபால் அணி மாவட்டத்தைத் தாண்டாது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் போன்ற தனி ஆட்டங்களிலோ, எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலிருந்தும் ஒரு பிள்ளை தன் காலையும் கையையும் நம்பி மேலேறலாம். ஆதலின், கபடிக்காரனுக்குப் பொருந்தும் விடை ஓட்டக்காரிக்குப் பொருந்தாது.

தனியார் பள்ளிகளின் குறையும் வெளிப்படையானதே. பத்தாம் வகுப்பு வந்தவுடன் உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கும் வேதியியலும் விழுங்கிவிடும் இடங்கள் பல. விளையாட்டைக் காட்டிச் சேர்த்துக்கொண்டு, பொதுத் தேர்வைக் காட்டிப் பந்தைப் பூட்டிவைத்தால், கொடுத்த பணம் எதற்கென்று கேட்பார் யார்? மைதானம் இருப்பது வேறு. மைதானத்தில் இறங்க அனுமதி இருப்பது வேறு.

சர்க்கார் பள்ளியின் குறையும் நாம் அறிந்ததே. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே இருப்பதுண்டு. வலையும் பந்தும் பழையனவாயிருப்பதுண்டு. ஆனால், அப்பள்ளியில் படிப்பதனால் உண்டாகும் உரிமைகளைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியிலேயே பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் அவ்வுரிமை பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அவ்வழி சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சர்க்காரே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. சர்க்கார் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கினர்.

எட்டாம் வகுப்பில், பந்தாட்டத்திற்காக என்று பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் தந்தை, கட்டணத்தை மட்டும் செலவிடுவதில்லை. இவ்வுரிமையையும் சேர்த்தே செலவிடுகிறார். முழங்கால் ஒருநாள் பிசகினால் ஆட்டம் போய்விடும். அப்போது கைகொடுத்திருக்கக்கூடிய இரண்டாவது வாயிலும் அடைபட்டிருக்கும். மாற்றவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து மாற்றுக என்கிறோம்.

நம் சேலம் சமவெளியிலேயே ஒரு சான்று உண்டு. ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, இளமையில் விபத்தில் வலக்கால் சிதைந்தவர். காய்கறி விற்ற தாயார் வளர்த்த அப்பிள்ளை படித்தது தம் ஊரின் சர்க்கார் பள்ளியில். அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டத் தூண்டினார். பின்னர்ச் சேலத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் பயின்றார். பெங்களூரில் பயிற்சி பெற்றார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். ஒருவரைக் காட்டி ஊருக்கெல்லாம் விதி வகுக்க இயலாது. ஆனால், பிள்ளையை உற்று நோக்கும் ஓர் ஆசிரியரின் கண், பளிங்குக் கட்டடத்தினும் விலையுயர்ந்தது என்பதற்கு இது போதும்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விளையாட்டு விடுதிகள் உணவும் உறைவிடமும் பயிற்சியும் அளிக்கின்றன. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்வோரைத் தேர்வுப் போட்டி வைத்து எடுத்துவருகின்றனர். அங்குச் சேர்ப்போர், பிள்ளை பயிலப்போகும் பள்ளி சர்க்கார் பள்ளிதானா என்பதை முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் லாக்ராஸ் என்றோர் ஆட்டம் உண்டு. வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறியும் அவ்வாட்டம் அந்நாட்டுப் பழங்குடியினர் வளர்த்தது; 2028 ஒலிம்பிக்கிலும் சேர்க்கப்பட்டுள்ளது. அதன்வழிக் கல்லூரி புக எந்தப் பள்ளி ஏற்றது என்று அங்குள்ள பெற்றோரும் தவிக்கின்றனர். பயிற்சியாளர்கள் ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளுக்கே வாக்குறுதி தரலாயினர். அவ்வவசரம் எல்லை மீறவே, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் நாளுக்கு முன் அத்தகைய பேச்சே கூடாது என்று 2017இல் விதி வகுத்தனர். பிஞ்சிலே பழுக்கவைக்கும் ஆசைக்குச் செல்வநாடும் வேலி போடவேண்டியதாயிற்று.

ஆகவே, பள்ளி மாற்ற எண்ணும் ஒவ்வொரு பெற்றோரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டுகிறோம். அப்பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் ஆடுகின்றனரா? சென்ற மூன்றாண்டுகளில் அப்பள்ளி அணி எந்த நிலை வரை சென்றது? சலுகையென்று சொல்வது எழுத்தில் உண்டா, காயம்பட்டாலும் அது நீடிக்குமா? நாம் இழக்கும் சர்க்கார் பள்ளி உரிமை எத்தகையது? முதற் கேள்விக்கு விடையை அலுவலகத்தில் கேளாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வேலியோரம் நின்று கண்ணால் காணுங்கள்.

நம் சங்கத்திற்கும் கடமையுண்டு. ஆண்டுதோறும் மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கிறோம்; மாவட்டப் போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணமின்றித் தவிக்கும் சிறுமியை நாம் நினைப்பதில்லை. ஒரு சோடிக் காலணியும், பயிற்சிக் காலத்தில் நாளுக்கு இரண்டு முட்டையும், சான்றிதழ்களைத் திரட்டி உரிய படிவத்தில் நிரப்பிக் கொடுக்க ஒரு படித்த இளைஞரின் உதவியும் போதும். பல குடும்பங்கள் கடன்படாமலே தம் மக்களைக் கரையேற்றும். கோழியும் முட்டையும் மலிந்த நாமக்கல் சீமையில் இது அரிய செயலன்று. இதற்கெனத் தனி நிதியொன்று தொடங்குமாறு நிர்வாகிகளை வேண்டுகிறோம்.

பள்ளியின் பெயரை நம்பிப் பிள்ளையை அனுப்பாமல், பிள்ளையின் திறமையை அறிந்து பள்ளியைத் தேர்வோமாக.